பழைய அஞ்சல் அட்டைகளை வீட்டில் பாதுகாப்பது எப்படி? ஈரக் காற்று வீசும் ஊரில் தெரிந்திருக்க வேண்டியவை

வீடு மாறும்போதோ அலமாரியை ஒழிக்கும்போதோ ஒரு பழைய பிஸ்கட் டின் வெளியே வரும். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட அஞ்சல் அட்டைகள். ஊரிலிருந்து பெரியப்பா எழுதியது, பினாங்கிலிருந்து அத்தை அனுப்பியது, எம்ஜிஆர் படம் போட்ட பொங்கல் வாழ்த்து, யாரோ வாங்கி அனுப்பாமலே விட்ட பழைய சிங்கப்பூர் ஆற்றுப் படம்.

"அப்புறம் பார்க்கலாம்" என்று மறுபடியும் அலமாரிக்குள் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் நம்ம ஊர்ப் பருவநிலையில் அந்த "அப்புறம்" ஆபத்தானது. இங்கே அட்டைகளுக்கு வயதைவிட ஈரம்தான் பெரிய எதிரி. நல்ல செய்தி என்னவென்றால், ஈரத்தைச் சமாளிக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு வார இறுதியும் சில எளிய பொருள்களும் போதும்.

சுருக்கமாக

- ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் சீராக இருக்கட்டும்.
- பிவிசி உறை, ஒட்டும் ஆல்பம், ரப்பர் பேண்ட், டேப், லேமினேட்: எதுவும் வேண்டாம்.
- குளியலறைச் சுவர், சமையலறை, ஏர்கானுக்கு அடியில், சாமி அலமாரி: இந்த இடங்களைத் தவிருங்கள்.
- முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.
- யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள்.

நம்ம ஊரில் ஏன் இவ்வளவு சிரமம்?

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் அதிகம். விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகல் வாக்கில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்.

பூஞ்சை வளர 65 முதல் 70 விழுக்காடே போதும். அதாவது, ஜன்னல் திறந்திருக்கும் சாதாரண வீட்டில் அட்டைகள் பூஞ்சைக்குப் பிடித்த சூழலில்தான் நாளின் பெரும்பகுதி கிடக்கின்றன.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. இரவில் ஏர்கான் போடுகிறோம், காலையில் அணைக்கிறோம். காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், காய்ந்து சுருங்கும். தினமும் இப்படி நடந்தால் அட்டை வளையும். புகைப்படத் தாளில் அச்சான அட்டை என்றால், மேலே உள்ள ஜெலட்டின் படலத்தில் விரிசல் விழும்.

அட்டைக்கு உள்ளேயும் எதிரி உண்டு. மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கும். அது காலப்போக்கில் அமிலமாகி, அட்டையைப் பழுப்பாக்கி, நொறுங்க வைக்கும். வெப்பமும் ஈரமும் அதை இன்னும் வேகப்படுத்தும்.

முதலில் என்ன செய்யணும்?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் கிரீம், கிருமிநாசினி பூசிய கையோடு தொட வேண்டாம். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சுத்தமான வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் அட்டைகளைப் பரப்புங்கள்.

- ரப்பர் பேண்ட், கிளிப், ஸ்டேப்பிள் இருந்தால் மெதுவாக எடுங்கள். ரப்பர் உருகி ஒட்டும். கம்பி துருப்பிடித்துக் கறை போடும்.
- ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட அட்டைகளைப் பிய்க்காதீர்கள். அப்படியே தனியாக வையுங்கள்.
- தூசு இருந்தால் புதிய, மென்மையான மேக்கப் பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, வெட் டிஷ்யூ கூடவே கூடாது. பழைய மை தண்ணீர் பட்டதும் பரவிவிடும்.
- ஜிகினா ஒட்டிய பொங்கல், தீபாவளி வாழ்த்துகளைப் பிரித்து வையுங்கள். அந்தத் துகள்கள் பக்கத்து அட்டையைக் கீறும்.
- பூஞ்சை வாசனை அடிக்கும் அட்டைகளை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

பழைய டேப் ஒட்டியிருக்கிறதா? நீங்களே உரிக்க வேண்டாம். மேல் காகிதமும் சேர்ந்து வந்துவிடும். அஞ்சல் தலையைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழற்றும் வேலையும் வேண்டாம். தலை, முத்திரை, கையெழுத்து மூன்றும் ஒன்றாக இருப்பதில்தான் அட்டையின் மதிப்பு.

எதில் போட்டு வைக்கலாம்?

கடையில் "போட்டோ சேஃப்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பல பொருள்களில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும்.

- 3: பிவிசி. புது மழைக்கோட்டு போல வாசனை வரும். நாளாக ஆக ஒட்டும் தன்மை வரும், அமிலமும் வெளியாகும். அட்டையின் மை உறையில் ஒட்டிக்கொள்ளும். தவிருங்கள்.
- 5: பாலிபுரொப்பிலீன். நல்லது, விலையும் குறைவு.
- 2, 4: பாலிஎத்திலீன். பயன்படுத்தலாம்.
- 1: பாலியஸ்டர் வகை. தெளிவாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆவணக்காப்பகங்கள் விரும்பும் வகை இது. விலை சற்று அதிகம்.

உறையை வாங்கும்போது அளவையும் கவனியுங்கள். பழைய அட்டைகள் பெரும்பாலும் 14 செண்டிமீட்டர் நீளம், 9 செண்டிமீட்டர் அகலம். பின்னால் வந்தவை சுமார் 15-க்கு 10.5. அட்டை உள்ளே இறுகக் கூடாது, ஆடவும் கூடாது. ஒரு பக்கம் திறந்திருக்கும் உறை நல்லது. நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை.

பளபளப்பான கறுப்பு வெள்ளைப் புகைப்பட அட்டைகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ஈரமான ஊரில் ஜெலட்டின் மேற்பரப்பு பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளலாம். அவற்றை அமிலமில்லாக் காகித உறையில் போடுவது பாதுகாப்பானது.

உறையில் போட்ட அட்டைகளை அமிலமில்லாத அட்டைப்பெட்டியில், நூலக அட்டைகள் போல நிமிர்த்தி அடுக்கலாம். பெட்டி பாதிதான் நிறைந்தால் அட்டைகள் சாய்ந்து வளையும். மீதி இடத்தில் அமிலமில்லாத தாளைச் சுருட்டி வையுங்கள்.

ஆல்பம்தான் வேண்டுமா? ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள பழைய வகை வேண்டவே வேண்டாம். அந்தப் பசை சில ஆண்டுகளில் அட்டையைப் பிடித்துக்கொள்ளும். முனைகளை மட்டும் செருகும் ஆல்பமோ, பாலிபுரொப்பிலீன் பக்கங்கள் போடும் வளையக் கோப்போ போதும்.

அந்தப் பிஸ்கட் டின்? துருப்பிடிக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். டின்னை நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

வீட்டில் எங்கே வைப்பது?

வீவக வீடுகளில் பலரும் பாம் ஷெல்டரைத்தான் ஸ்டோர்ரூமாகப் பயன்படுத்துகிறோம். கனமான கதவை மூடியே வைத்தால் அங்கே காற்றோட்டம் குறைவு. அட்டைகளுக்கு அது நல்ல இடமல்ல.

இவற்றையும் தவிருங்கள்:

- குளியலறையை ஒட்டிய சுவர், சமையலறை அலமாரி
- வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி
- ஏர்கானுக்கு நேர் கீழே. தண்ணீர் சொட்டினால் அவ்வளவுதான்
- சாமி அறையும் அதன் பக்கத்து அலமாரியும். விளக்குப் புகை, சாம்பிராணி, எண்ணெய்ப் பசை எல்லாம் மெல்லிய படலமாக அட்டையில் படியும்
- தரை. குழாய் உடைந்தால் முதலில் நனைவது தரையில் உள்ள பெட்டிதான்

நல்ல இடம் எது? வீட்டின் உள்சுவரை ஒட்டிய படுக்கையறை அலமாரியில், நடுத்தட்டு. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

ஈரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது?

முதலில் ஈரப்பதம் காட்டும் சின்ன மின்னியல் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். அது இல்லாமல் மற்றதெல்லாம் குத்துமதிப்புத்தான்.

புகைப்படக் கலைஞர்கள் கேமரா வைக்கும் டிரை கேபினட் வீட்டில் இருந்தால் வேலை சுலபம். 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்து, அட்டைப் பெட்டியை ஒரு தட்டில் வைத்துவிடலாம்.

இல்லையென்றால், ரப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் பாலிபுரொப்பிலீன் பெட்டி ஒன்று போதும். உள்ளே சிலிக்கா ஜெல், மீட்டர், அட்டைகள். ஆனால் வரிசை முக்கியம். ஈரமான அட்டைகளை அப்படியே போட்டு மூடினால் ஈரத்தைச் சிறை வைத்த மாதிரி ஆகிவிடும். ஏர்கான் அல்லது ஈரம் நீக்கும் சாதனம் ஓடும் அறையில் சில நாள் பரப்பி வைத்துவிட்டு, பிறகு மூடுங்கள்.

சிலிக்கா ஜெல் வாங்கும்போது ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடலுக்கு நல்லதல்ல. நிறம் மாறியதும், பொட்டலத்தில் போட்டிருக்கும் முறைப்படி சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

அதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம். மீட்டர் 35-க்குக் கீழே போனால் பாதிப் பொட்டலங்களை எடுத்துவிடுங்கள். ரொம்பக் காய்ந்த அட்டை நொறுங்கும்.

அலமாரியில் தொங்கவிடும், அடியில் தண்ணீர் சேரும் டப்பாவையும் பையையும் அட்டைகளோடு ஒரே பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் உப்புக் கரைசல். கவிழ்ந்தால் அட்டைகளைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பூச்சியோ பூஞ்சையோ வந்துவிட்டால்?

வெள்ளி நிறத்தில் சட்டென்று ஓடும் சில்வர்ஃபிஷ் பூச்சிக்கு மாவுப் பசையும் ஜெலட்டினும் பிடித்த உணவு. அட்டையின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்றுவிடும். கரப்பானும் கரையானும் சொல்லவே வேண்டாம்.

பாச்சை உருண்டை போட்டால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அதைத் தவிருங்கள். நாப்தலின் ஆவி அட்டையையும் பிளாஸ்டிக் உறையையும் பாதிக்கலாம். அதைவிட முக்கியமாக, ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆபத்தானது.

பூச்சி இருப்பதாகச் சந்தேகமா? நன்றாகக் காய்ந்த அட்டைகளை ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபிறகு 24 மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். உடனே திறந்தால் குளிர்ந்த அட்டைமேல் நீர் படியும். மேற்பரப்பு உரிந்துவரும் புகைப்பட அட்டைகளுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம்.

பூஞ்சைக்கு வேறு வழி. பஞ்சு போல, தொட்டால் ஈஷினால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்போது துடைத்தால் பரவிவிடும். தனியாக எடுத்து, உலர்ந்த காற்றோட்டமுள்ள நிழலில் காயவிடுங்கள். பொடியாக உலர்ந்த பிறகு, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பிளீச், வினிகர், வெயில் மூன்றும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

நனைந்துவிட்டால்?

பதற்றப்படாதீங்க. ஆனால் தாமதிக்கவும் வேண்டாம். நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும்.

மை தீட்டாத வெள்ளைத் தாள்மேல் ஒவ்வொன்றாகப் படம் மேலே தெரியும்படி பரப்பி, மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். புகைப்பட அட்டைகளை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். காய்ந்ததும் பிரிக்கவே முடியாது. எண்ணிக்கை அதிகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையே மெழுகுத்தாள் வைத்து, பையில் போட்டு உறையவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது சில அட்டைகளாக எடுத்து உலர்த்தலாம்.

பின்பக்கத்தை ஏன் விடக் கூடாது?

அதே அச்சில் வந்த படத்தை வேறு யாராவது வைத்திருப்பார்கள். ஆனால் பின்னால் இருக்கும் நாலு வரி உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதோடு, தேதி அழிந்துபோன அட்டையின் காலத்தைக் கண்டுபிடிக்கவும் பின்பக்கம்தான் உதவும்.

- நடுவில் கோடு: ஆரம்பத்தில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். முகவரியும் செய்தியும் ஒரே பக்கத்தில் எழுத பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது. மற்ற நாடுகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பின்பற்றின.
- அஞ்சல் தலை: "சிங்கப்பூர்" என்ற பெயரோடு தலைகள் வந்தது 1948 முதல். அதற்கு முன் "ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்" என்றிருக்கும்.
- சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு: இரண்டு இலக்கம் 1950-இல் வந்தது. நான்கு இலக்கம் 1979-இல். இப்போதுள்ள ஆறு இலக்கம் 1995-இல்.
- இந்திய பின்கோடு: 1972 ஆகஸ்ட்டில் அறிமுகமானது.
- இந்திய நாணயம்: தலையில் "அணா" என்றிருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. "நயா பைசா" என்றிருந்தால் அந்தத் தலை 1957-க்கும் 1964-க்கும் இடையே அச்சானது.
- மாநிலப் பெயர்: மெட்ராஸ் மாநிலம் 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது.

ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூர் முகவரியில் ஆறு இலக்கக் குறியீடு இருந்தால் அட்டை 1995-க்கு முந்தியதல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் "மெட்ராஸ்" என்று எழுதியிருப்பதை வைத்து மட்டும் பழசு என்று முடிவு கட்டாதீர்கள். பழகிய பெயரை மக்கள் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

முத்திரையும் தலையும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: எழுதியது யார்? "இப்படிக்கு, உன் அன்பு மாமா" என்று முடித்திருப்பார்கள். எந்த மாமா? அது உங்கள் பாட்டிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சில கையெழுத்தைப் படிக்கவே அந்தத் தலைமுறை ஆள் வேண்டும். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும் அட்டையில் பாதி வார்த்தை சுருக்கமாக இருக்கும். ஊர்ப்பெயர் பட்டப்பெயராக இருக்கும்.

அட்டையை நல்ல பெட்டியில் வைத்தால் இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும். அதைப் படித்துச் சொல்பவர் அத்தனை நாள் இருப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் உறை வாங்குவதற்கு முன்பே பெரியவர்களோடு உட்காருங்கள். அட்டையை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "இது யாரு, பாட்டி?" என்று ஒரு கேள்வி போதும், மீதி தானாக வரும்.

சொன்ன விவரத்தை அட்டைமேல் பேனாவால் எழுத வேண்டாம். உறைக்குள் தனித்தாள் வைத்து 2பி பென்சிலால் எழுதலாம்.

ஸ்கேன் செய்வது எப்படி?

- தட்டையான கண்ணாடி ஸ்கேனரில் 600 டிபிஐ போதும். அட்டையைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் வேண்டாம், மடித்துவிடும்.
- ஸ்கேனர் இல்லையா? ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுங்கள்.
- இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண். 001 முன், 001 பின் என்று பெயரிட்டால் பிற்பாடு குழப்பம் வராது. அதே எண்ணை உறையிலும் எழுதுங்கள்.
- மூன்று பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று இணையச் சேமிப்பில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டது பிரதி ஆகாது. அது படத்தின் தரத்தைக் குறைத்துவிடும்.

சுவரில் மாட்டலாமா?

நிறம் மங்கினால் திரும்ப வராது. வெளிச்சம் செய்யும் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். ஸ்கேனிலிருந்து நல்ல பிரதி எடுத்து அதைச் சட்டமிட்டு மாட்டுங்கள். அசல் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வீட்டில் வைக்க முடியாது என்றால்?

தூக்கிப் போட்டுடாதீங்க. பழைய சிங்கப்பூரைக் காட்டும் அட்டைகள், இந்தியச் சமூகத்தின் வாழ்க்கையைச் சொல்லும் கடிதங்கள் போன்றவை பொது அமைப்புகளுக்கும் பயன்படலாம். தேசிய நூலக வாரியம், தேசிய ஆவணக்காப்பகம், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் ஆகியவற்றிடம் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அட்டைகளின் பின்னணி விவரம் உங்களிடம் தெளிவாக இருந்தால் அவர்கள் முடிவெடுப்பது எளிது. கொடுப்பதற்குமுன் குடும்பத்தில் எல்லாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடிதத்தில் சொந்த விஷயங்கள் இருக்கலாம்.

ஆண்டுக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும்?

மாதம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள், அரை நிமிட வேலை. சிலிக்கா ஜெல்லின் நிறத்தையும் அப்படியே கவனியுங்கள். பெட்டியை முழுசாகத் திறந்து அட்டைகளைப் பார்ப்பது ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்த பிறகு பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு முறை. பூஞ்சை வாசனை, புதிய புள்ளி, சில்வர்ஃபிஷ் எச்சம் ஏதாவது தெரிந்தால் அந்த அட்டையை உடனே பிரித்து வையுங்கள். ஒரு அட்டையோடு நிறுத்திவிட்டால் மற்றவை பிழைக்கும்.